உறைமோரின் தரம்: குந்தா மலையும் ஆட்டுப்பால் சீஸும்

நீலகிரியில் சீஸ் என்றதும் கௌடா, செடார், பார்மசான் என்று அயல்நாட்டுப் பெயர்களே முந்திக்கொள்கின்றன. குன்னூர் அருகே திரைப்பட இயக்குநர் மன்சூர் கானின் குடும்பம் நடத்தும் ஏக்கர்ஸ் வைல்ட் பண்ணை, பசும்பாலில் அத்தகைய வகைகளைச் செய்து பெயர் பெற்றிருக்கிறது. நாளை இதே நீலகிரியின் குந்தா மலையில் ஒரு குடும்பம் பத்திருபது ஆடுகளைக் கட்டிச் சீஸ் செய்யத் தொடங்கினால், அதன் தரத்தை எப்படி அளப்பது? பிரெஞ்சு வகையோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்தல்ல. ஒரே மந்தையின் பாலா, உறைமோரைத் தொடர்ந்து காத்துவருகிறார்களா என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

ஆட்டுப்பாலின் தயிர்க்கட்டி பசும்பாலினதைவிட மெலிந்தது, எளிதில் நொறுங்குவது. பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதி மரபு அந்த மென்மைக்கு இணங்கிப் போகிறது: பாலை உறையவைக்கும் நொதியான ரென்னெட் சில துளி மட்டும், புளிப்பேறி உறைய ஏறத்தாழ ஒரு நாள், பிறகு அகப்பையால் அள்ளித் துளையிட்ட அச்சில் வார்த்தல். வலான்சே வகையின் மேல் சாம்பல் பூசுவதும் அம்மரபே. கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் ஃபெட்டா, ஹலூமி மரபு வேறு. அங்கே ஆட்டுப்பால் பெரும்பாலும் செம்மறிப் பாலோடு சேரும். ரென்னெட் விரைவில் உறையவைக்கும், உப்புநீர் காக்கும். இவற்றில் லுவார் மரபே நம் விவாதத்துக்கு முக்கியம். அங்கே 1976இல் சட்டப் பாதுகாப்பு பெற்ற ஷவிஞோல் சீஸுக்கு ஆட்டின் இனம், பால் வரும் பகுதி, பதப்படுத்தும் நாள் என எல்லாமே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. சொந்தப் பண்ணைப் பாலில் அங்கேயே செய்தால்தான் ‘பண்ணைச் சீஸ்’ என்று எழுதலாம். வடிவத்தையும் பெயரையும் மட்டும் கடன் வாங்குகிறவர் அந்தத் தரத்தை வாங்கிவிடவில்லை.

இத்தகைய கண்டிப்பு நீலகிரிக்குப் புதிதும் அல்ல. மானுடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், இம்மலையில் எருமை வளர்க்கும் தோதவர் பழங்குடியினர் பற்றி 1906இல் வெளியிட்ட நூல், பால்மனைகளுக்குள் இருந்த படிநிலைகளைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறது. எருமைகளில் வகை உண்டு. வகைக்கேற்பப் பால்மனையும், கறந்து கடைபவரின் தகுதியும் மாறும். உள்ளறைக் கலமும் வெளியறைக் கலமும் கலக்கக் கூடாது. அவர்கள் ‘பெப்’ என்றழைத்த உறைமோர், முந்தைய மோரிலிருந்து தொடர்ந்து வருவது. பால்மனை தீட்டுப்பட்டால் புதிய பெப் ஆக்குவதற்கே தனிச் சடங்கு உண்டு. இன்றைய சீஸ் கூடங்கள் நுண்ணுயிர்க் கலவையைப் பொட்டலத்தில் வாங்கிவிட்டுக் கைவினை என்று சொல்லிக்கொள்வதை இதனோடு ஒப்பிடலாம்.

தோதவர் மரபில் சீஸும் இல்லை, ஆடும் இல்லையே என்பார்கள். உண்மைதான். அவர்கள் செய்தது தயிர், மோர், வெண்ணெய், நெய். நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வது பண்டத்தை அல்ல, பாலின் பிறப்பிடத்தைப் பிரித்துக் காக்கும் ஒழுங்கை மட்டுமே. சொந்த மந்தை இல்லாமலும் நல்ல சீஸ் செய்கிறார்களே என்பது இன்னும் வலுவான மறுப்பு. சென்னையின் காஸே நிறுவனமே எடுத்துக்காட்டு. அது திறமைக்குச் சான்று, மறுக்கவில்லை. ஆனால் ‘பண்ணை’ என்ற சொல்லுக்கு அந்தத் திறமை ஈடாகாது.

குந்தாவின் மழை ஆட்டுக்கு ஆகாது என்பதை மட்டும் எளிதில் தள்ள முடியாது. 2019 ஆகஸ்டில் குந்தா வட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஈரத்தில் குளம்பு அழுகும், குடற்புழு பெருகும். ஆட்டைச் சோலைக் காட்டில் மேயவிட்டால் இளம் மரக்கன்றுகள் மிஞ்சாது. எனவே பரண்மேல் கொட்டில் தவிர வேறு வழியில்லை. தீனி கொண்டுவந்து போட வேண்டும், செலவு ஏறும். பத்து லிட்டர் பாலில் கெட்டிச் சீஸ் ஒரு கிலோ அளவே தேறும். கிடாயைக் கறவை ஆடுகளுக்கு அருகில் கட்டினால் அதன் வீச்சம் பாலிலும் ஏறும் என்பதால் அதற்குத் தனிக் கொட்டில். மறுபுறம், சீஸ் பதப்படத் தேவையான 10 முதல் 14 டிகிரிக் குளிரையும் ஈரத்தையும் இந்த மலை பல மாதங்களுக்குக் காசில்லாமல் தருகிறது. ஆனால் இந்தியச் சட்டம் விலங்கு ரென்னெட்டை ஏற்பதில்லை. நுண்ணுயிர் ரென்னெட்டோ நெடுநாள் பதப்படுத்தினால் கசப்பைக் கொண்டுவரக்கூடும். ஆகவே ஐரோப்பிய முதிர்ச் சீஸை அப்படியே பெயர்த்தெடுக்கும் முயற்சி இங்கே தொடக்கத்திலேயே இடறும். ரென்னெட்டைக் குறைத்து, உறைமோரின் புளிப்பில் நின்று, இரண்டு மூன்று வாரத்தில் உண்ணத்தக்க சிறு சீஸே குந்தாவுக்கு இயல்பானது. அதன் உறையில் எந்தக் கொட்டிலின் பால், கறந்த நாள் எது, எந்த உறைமோர் என்ற மூன்றும் அச்சாக வேண்டும். வகைப் பெயர் இல்லாவிட்டால் குறையில்லை.