கினிபிக் கூட்டுக்கு மாடி எதற்கு?

"மாடி வச்ச கூடுக்கா. இதே எடத்துல ரெண்டு மடங்கு வீடு" என்றார் விற்றவர். அந்தக் கூடும் அதற்குள் ஒரு சோடி கினிபிக்கும் வத்தேகமயிலிருந்து முச்சக்கரவண்டியில் பன்வில ஏறி வந்தன. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். நடு உயரத்தில் பாதி நீளத்துக்குக் கம்பிவலைத் தட்டு. அதில் ஏற, சுவரில் சாத்திய ஏணியைப் போலச் செங்குத்தாக ஒரு பலகை. ஒளிந்துகொள்ள ஓர் இடமும் கிடையாது. முயலுக்கென்று அடித்த கூடு என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனாலும் அந்த "ரெண்டு மடங்கு" என்னையும் மயக்கிவிட்டது. எட்டு மாதம் போய்விட்டது. இப்போதாவது அந்தப் பேச்சை நிறுத்துப் பார்க்கலாம்.

கூட்டை எடைபோட, அதில் இருக்கப்போகும் உயிரிலிருந்துதான் தொடங்க வேண்டும். கினிபிக் பன்றி இனமில்லை, கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. அகராதியில் சீமைப்பெருச்சாளி என்றொரு பெயர் உண்டு. அதுவும் பொருந்தாது, பெருச்சாளி வளை தோண்டும், இது தோண்டாது. (ஆபிரிக்காவோடு உண்மையான உறவு, அதற்குத் தீனியாக ஹுலுகங்கைப் பாதையோரத்தில் நாம் அறுக்கிற கினிப்புல்லுக்குத்தான்.) தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டில் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கிய பிராணி இது. இதன் காட்டு உறவினங்கள் உயர்ந்த புல்லுக்குள் மிதித்து மிதித்தே ஒற்றையடிப்பாதை போட்டுக்கொள்கின்றன. விடியற்காலையிலும் அந்திநேரத்திலும் புல்லின் ஓரம்வரை வந்து மேயும். மேலே ஒரு நிழல் அசைந்தால் போதும், பாதை வழியே உள்ளே ஓடிவிடும். மரமேறும் வழக்கம் இல்லை. ஏறுவதற்கான உடம்பும் இல்லை. முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல்வரை எடை, அதைத் தாங்கக் குட்டைக் கால்கள், முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. அணிலுக்கும் எலிக்கும் சமநிலை காக்க வால் இருக்கிறது. இதற்கு வெளியே தெரியும் வாலே இல்லை.

ஆக, அதற்கு வீடென்றால் மூன்று: தரை, ஓட ஒரு பாதை, பாதை முடிகிற இடத்தில் மறைவு. மாடி இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று பார்க்க நான் ஒரு புழுக்கைக் கணக்கு எடுத்தேன். சிரிக்க வேண்டாம். கினிபிக் நாள் முழுக்கப் புழுக்கை போட்டுக்கொண்டே இருக்கும். எங்கே அதிகம் கிடக்கிறதோ அங்கேதான் அதன் பொழுது போகிறது. வலைத்தட்டின் மேல் முதல் வாரமே அட்டை விரித்துவிட்டதால் எதுவும் கீழே ஒழுகாது. இரண்டு வாரம், தினமும் காலையில் மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டினேன். மேலே ஒரு கைப்பிடிகூட நிறையவில்லை. கீழே ஒரு முறம். அந்தக் கைப்பிடியும் இளையதுடையது. அது ஏன் ஏறியது என்றால், புல்லை நான் மேலே வைத்திருந்தேன். புல்லைக் கீழே இறக்கினேன், தட்டு சுத்தமாகவே கிடந்தது.

இத்துடன் நிறுத்தியிருந்தால் தட்டு வீண் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தட்டைக் கழற்றி எடுத்த வாரம் வேறு கதை சொன்னது. இரண்டும் ஒரே மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வீட்டில் ஆள் நடமாடினால் புல்லுக்குக்கூட வெளியே வரவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டிய ஓர் இரவு அவை பதறி ஓடிய சத்தத்தில் எனக்கே தூக்கம் போயிற்று. தட்டு இருந்தபோது அவை எங்கே படுத்திருந்தன என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குக் கீழே, ஏணிப்பலகையின் இடுக்கில். நான் கூரையைப் பிடுங்கியிருக்கிறேன். ஒரு பலகையை எட்டு அங்குல உயரத்தில், ஏணி வைக்காமல், நான்கு செங்கல்லின் மேல் போட்டேன். அன்று மாலையே அதன் கீழே நீட்டிப் படுத்துவிட்டன.

தட்டின் பயன் அதன் அடியில் இருக்கிறது. விற்பவர் காட்டுவது மேல்பக்கத்தை. இரண்டு பிராணியை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கினிபிக்கின் உடற்கூறும் இதே பக்கம்தான் நிற்கிறது.

மேல்பக்கத்தின் செலவையும் சொல்லியாக வேண்டும். கினிபிக்குக்கு உயரத்தை அளந்து பார்த்துக் குதிக்கத் தெரியாது. பயந்தால் விளிம்பென்றும் பார்க்காமல் பாயும். இரண்டடி உயரத்திலிருந்து விழுந்தாலும் காலோ முன்பல்லோ உடையலாம். கம்பிவலைத் தரையில் நின்றால் அடிப்பாதம் புண்ணாகிச் சீழ் வைக்கும், வந்தால் மாதக்கணக்கில் ஆறாது. அட்டை விரித்தால் மூத்திரம் அதில் ஊறி வாடையடிக்கும், அந்த நெடி நேரே நெஞ்சுக்குப் போகும். சில இடங்களில் மேல்தட்டில் முயல், கீழே கினிபிக் என்று வைக்கிறார்கள். இது எல்லாவற்றிலும் மோசம். போர்டெட்டெல்லா என்ற கிருமி முயலின் மூக்கில் நோய்க்குறி எதுவும் காட்டாமல் இருக்கும். அதுவே கினிபிக்குக்குப் பரவினால் நியூமோனியாவாகி ஆளையே கொண்டுபோய்விடும்.

தட்டுக்காகப் பேசுவோரிடம் ஒரு பலமான வாதம் உண்டு. இடமில்லை என்பதே அது. நகரத்தில் எழுதுபவர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிப் போகிறார்கள். நம்மால் முடியாது. பன்வில, மடுல்கலைப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து லயத்தில்தான் இருக்கின்றன. 10 அடிக்கு 12 அடி காம்பரா, 120 சதுர அடி. விலங்கு நல அமைப்புகள் இரண்டு கினிபிக்குக்குக் கேட்பது ஏறக்குறைய 10 சதுர அடித் தரை, அதாவது மனிதர் நாலைந்து பேர் புழங்கும் அறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சட்டங்களிடம் போனால் ஒன்று வானத்திலும் ஒன்று பாதாளத்திலும் நிற்கிறது. அமெரிக்காவின் விதி ஆய்வுகூடத்து வளர்ந்த கினிபிக் ஒன்றுக்கு 101 சதுர அங்குலம் தருகிறது, ஒரு சதுர அடிகூட இல்லை. சுவிற்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இரண்டுக்கு அரைச் சதுர மீற்றர் கேட்கிறது, ஒதுங்க ஓர் இடமும் வேண்டும் என்கிறது, தனியாக ஒன்றை வளர்ப்பதையே தடுக்கிறது. நம் இலங்கையின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் எழுதியது. அதை வைத்துக் கூட்டின் தட்டை அளக்க முடியாது.

என் கூட்டின் தரை நாலரைச் சதுர அடி. சுவிஸ் அளவுக்கே எட்டவில்லை. மாடியைச் சேர்த்துக் கணக்கிட்டால் எட்டுகிறது, ஆனால் ஏறாத தளத்தைத் தரையென்று எண்ணுவது கடைக்காரர் கணக்கு. இடப் பஞ்சத்துக்கு விடை வேறு திசையில் இருக்கிறது. கினிபிக்குக்கு ஓரடி உயரமே தாராளம். உயரமான ஒடுக்கக் கூட்டை விட்டுவிட்டு, நாலடிக்கு இரண்டரை அடியில் தணிவான கூடு செய்து மேசைக்கோ கட்டிலுக்கோ அடியில் தள்ளிவிடலாம். மேலே பலகை மூடி போட்டால் அதன்மேல் பிள்ளைகளின் புத்தகத்தை அடுக்கலாம். மாடி நமக்கு, தரை அதற்கு. அடுப்படிப் புகை படாத பக்கமாக இருக்க வேண்டும். மூடியும் அரை அங்குல வலையும் கட்டாயம், நம் ஊரில் பூனையும் மரநாயும் சாரையும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.

மறைவிடத்துக்கு எதிராகவும் பேச்சு உண்டு. "பெட்டி வச்சா புள்ளைங்க கண்ணுல படாது, பழகவும் பழகாது" என்பார்கள். முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதி தலைகீழ். ஒளிய இடமில்லாத கினிபிக் திறந்த தரையில் அசையாமல் உறைந்து நிற்கும். தூக்கினாலும் கையில் சும்மா இருக்கும். பழகிவிட்டது என்று பிள்ளை சொல்லும். அது பழக்கம் இல்லை, பயம். ஓட இடமிருக்கிறது என்று தெரிந்த பிராணிதான் கைக்கு அருகே வந்து மேயத் துணியும். ஒரே நிபந்தனை, பெட்டியைத் தூக்கிவிட்டு அதைப் பிடிக்கக் கூடாது. ஒருமுறை அப்படிச் செய்தால் அந்தப் பெட்டியின் மேல் அதற்கு நம்பிக்கை போய்விடும்.

இன்னொரு குற்றச்சாட்டு கனமானது: உள்ளேயே கிடந்தால் நோய் தெரியாது. கினிபிக் நோயை மறைக்கும் சாதி, ஒருநாள் தின்னாமல் கிடந்தாலே குடல் நின்றுவிடும். இந்தக் குறையை மறைவிடம் உண்மையிலேயே பெரிதாக்குகிறது. மாற்று, வாரத்துக்கு ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு எழுதிவைப்பது. எடை இறங்கினால் பேராதனை மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

மறைவிடம் துணைக்கு ஈடாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜேர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்ஸரின் குழு பல ஆண்டுகள் கினிபிக்கின் மன அழுத்தத்தை ஆராய்ந்தது. புதிய இடத்தில் விட்டாலும், பிணைப்புள்ள துணை கூட இருந்தால் மன அழுத்த ஹோர்மோனான கோர்ட்டிசோல் குறைவாகவே ஏறுகிறது என்று கண்டது. ஆனால் துணை இருந்தால் சண்டையும் இருக்கும். அதனால்தான் மறைவிடத்துக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒரு வாசல் பெட்டியில் பலசாலி வாசலை அடைத்து நின்றால் மற்றது பொறிக்குள் மாட்டியதற்குச் சமம். இரண்டு பிராணிக்கு மூன்று பெட்டி என்பது ஆடம்பரமல்ல.

எதில் செய்வது? எங்கள் பகுதி மழைக்கும் மூடுபனிக்கும் துணி மறைப்பு உலராது, நாற்றம்தான் மிஞ்சும். மண்பானைக்கு ஒரே வாய், அடியையும் உடைத்து விளிம்பை உரசினால் சரி. நாலு அங்குல பிவிசி குழாயில் வளர்ந்தது சிக்கிக்கொள்ளும், ஆறு அங்குலம் வேண்டும். வீட்டில் பழைய தேயிலைப் பெட்டி இருந்தால் ஆசை வரும். எனக்கும் வந்தது. அந்தக் காலப் பெட்டிகளில் ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள், கினிபிக்கோ எதையும் கொறிக்கும். வேண்டாம். பெட்டிக்கடையில் சும்மா கிடைக்கும் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் ஐந்தங்குல வாசல் இரண்டு வெட்டினால் மூன்று நாளைக்குப் போதும், நனைந்ததும் எறிந்துவிட்டு வேறொன்று. இத்தனையிலும் இதற்குத்தான் என் முதல் ஓட்டு.

தீர்ப்பு இதுதான். மறைவிடம் இல்லாத கூடு எத்தனை தட்டு வைத்திருந்தாலும் கினிபிக் கூடு ஆகாது. தட்டு, எட்டு அங்குலத்துக்கு மேல் போகாமல், ஏணியின்றி, இரண்டு பக்கமும் திறந்த கூரையாக இருந்தால் ஏற்கலாம். அதன் பரப்பைத் தரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாடிக்கென்று கேட்கும் மேலதிகப் பணத்தைக் கூட்டின் நீளத்துக்குக் கொடுங்கள்.

அந்த ஏணிப்பலகையை நான் எறியவில்லை. கோழிக்கூட்டில் சாத்தியிருக்கிறேன். கோழிகள் தினமும் பொழுதுபட ஏறுகின்றன.