கலமசூவின் பிழைகள்: மின் கித்தாரின் பழைய தொனி பற்றி

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் பிடிபடும். கம்பியைப் பிடிக்கும் விரலின் இறுக்கம், சுற்றின் எண்ணிக்கை, எங்கே நிறுத்துவது என்கிற கணக்கு எல்லாம் கட்டுகிறவர் கையில் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், கிப்சன் தொழிற்சாலையில் பெரும்பாலும் பெண்கள் இதே மாதிரியான வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டியது மின் கித்தாரின் தந்திகளுக்கு அடியில் உட்காரும் பிக்கப். சின்னச் சட்டம் ஒன்றில் மயிரிழை போன்ற செம்புக் கம்பியைச் சுமார் 5000 சுற்று சுற்ற வேண்டும். இந்தச் 'சுமார்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு காயிலில் சுற்று கூடும், இன்னொன்றில் குறையும். அடியில் வைக்கிற காந்தமும் எந்த ரகம் கையிருப்பில் இருந்ததோ அந்த ரகம்.

இந்தப் பிக்கப்பை 1955இல் வடிவமைத்தவர் சேத் லவர் என்ற பொறியாளர். இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்தால், சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து ஒட்டிக்கொள்ளும் 'ம்ம்ம்' என்கிற உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பது கணக்கு. காப்புரிமை 1959இல்தான் கிடைத்தது. அதுவரையிலும், அதற்குப் பிறகு கொஞ்ச காலமும், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற சின்ன ஸ்டிக்கரை அடியில் ஒட்டி அனுப்பினார்கள். இந்தப் பிக்கப்போடு 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்டு கித்தார்கள் ஏறத்தாழ 1500 இருக்கும் என்கிறார்கள். விலை 300 டாலருக்கும் குறைவு. அப்படியும் சரியாக விற்கவில்லை. 1961இல் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். மேலே பூசிய சிவப்புச் சாயம் வெயில் பட்டு வெளுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மஞ்சளாகப் போயிற்று. சாயம் வெளுத்துப்போனால் நம் ஊரில் மானக்கேடு. அங்கே அது விலையைக் கூட்டுகிறது. இன்றைக்கு இந்தக் கித்தார் ஒன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. ஸ்டிக்கர் உரியாத ஒரு ஜோடிப் பிக்கப்புக்கே ஆயிரக்கணக்கில் தருகிறார்கள்.

சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போருக்கு வந்த சீவகன் தன்முன் வைத்த யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். இது நீரில் நின்ற மரம், இது இடி விழுந்த மரம், இந்த நரம்பில் மயிர் இருக்கிறது என்கிறான். பிழையைக் கேட்டுத் தள்ளுகிற காது அது. கித்தார்க்காரர்களின் காது பிழையைக் கேட்டு வாங்குகிறது.

அவர்கள் தேடுவதற்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் டோன், தொனி. மெட்டோ சுரமோ வாசிப்பின் வேகமோ அல்ல. ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டு நிறுத்தினால் அது எப்படி எழுந்து, தடித்து, ஓரங்கள் பிசிறி அடங்குகிறது என்பது. ரொலாண் பார்த் 1972இல் எழுதிய கட்டுரையில் பாடகரின் குரலில் இருக்கிற சொரசொரப்பைப் பற்றிப் பேசுகிறார். பாட்டின் அர்த்தத்துக்கும் உணர்ச்சிக்கும் கீழே, பாடுகிறவரின் உடம்பு காதில் உரசுகிற இடம் அது. மின் கித்தாரின் தொனியும் அந்த உரசல்தான். ஆனால் இங்கே உடம்பு யாருடையது? வாசிக்கிறவருடையது மட்டும்தானா?

இந்தக் கேள்விக்கு நம் வட்டத்தில் தயாராக ஒரு பதில் உண்டு. இது சரக்கு வழிபாடு, பழைய பொருளின் மேல் சந்தை ஏற்றிவைத்த ஒளிவட்டம், முடிந்தது கதை. ஒரு கூட்டத்தில் நானே இப்படிப் பேசியிருக்கிறேன். ஆதாரமும் கையில் இருந்தது. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரத்து ஓட்டல் அறை ஒன்றில் 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, இருட்டில் ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி. பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பியது புதிய வயலின்களில் ஒன்றை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. வயலினிலேயே இப்படியென்றால் கித்தாரில் என்ன இருக்கப்போகிறது?

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது, கோவில் திருவிழாக்களிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கித்தார் வாசிக்கிற நண்பர் சொன்னார்: "தோழர், சரக்கு, மாயைன்னு நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா காதுல விழுறது விழத்தானே செய்யுது? பசியையும் மாயைன்னு சொல்லிடுவீங்களா?" அன்றிரவு அவர் வீட்டில் 1966இல் லண்டனில் வெளியான ஜான் மேயால் புளூஸ்பிரேக்கர்ஸ் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். எரிக் கிளாப்டன் லெஸ் பால் வாசித்தது. விழத்தான் செய்தது. நான் கட்டியிருந்த வாதம் அந்த இடத்தில் கொஞ்சம் அசைந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பழைய கித்தார் தொனி என்று இன்று துரத்தப்படுவதில் பெரும்பகுதி இந்தத் தட்டிலிருந்து பிறந்தது. சரி, அந்தத் தொனி எங்கிருந்து வந்தது? கிளாப்டன் லெஸ் பாலைத் தேடிப் போனதற்குக் காரணம், ஃப்ரெடி கிங் என்ற கறுப்பின புளூஸ் கலைஞர் ஒரு இசைத்தட்டு உறையில் லெஸ் பாலோடு நின்றது. உறையில் இருந்தது தங்கநிறப் பழைய மாதிரி. லண்டனில் அகப்பட்டது வேறு. அவர் வாசித்த மார்ஷல் ஆம்ப் இன்னொரு கதை. அமெரிக்க ஃபெண்டர் ஆம்புகளை இறக்குமதி செய்தால் விலை கட்டுப்படியாகாது என்று, ஜிம் மார்ஷலின் கடைக்காரர்கள் ஃபெண்டர் பேஸ்மேனின் சுற்றைப் பார்த்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்துக் கட்டியது. அதைச் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் முழுச் சத்தத்தில் திறந்துவிட்டார் கிளாப்டன். குறைக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். ஆக, மூலம் என்று கும்பிடப்படுவதே ஒரு நகல். அதுவும் தப்பாக எடுத்த நகல். ஒரு புகைப்படத்தைப் பார்த்து வாங்கிய வேறொரு கித்தார், ஒரு ஆம்பைப் பார்த்துக் கட்டிய வேறொரு ஆம்ப்.

இதோடு நிறுத்திக்கொண்டு 'மூலம் என்று எதுவுமில்லை, எல்லாம் பிரதிகளே' என்று சொல்லிவிட்டுப் போகலாம். நம் பத்திரிகைகளில் பலரும் அப்படித்தான் முடிக்கிறோம். ஆனால் மூலத்தைக் கலைத்துவிட்டால் கூடவே சில மனிதர்களும் கலைந்துபோகிறார்கள். மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பியின் பருத்திக்காட்டிலிருந்து 1943இல் சிகாகோ வந்தவர். மதுக்கடைக் கூச்சலில் மரக்கித்தார் கேட்காது என்பதால் மின் கித்தாருக்கு மாறினார். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு கிளார்க்ஸ்டேலிலிருந்து மெம்ஃபிஸ் போகிற வழியில், வில்லி கைசார்ட்டின் ஆம்ப் கெட்டுப்போயிற்று. காரிலிருந்து விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்பார்கள். கிழிந்த ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்து 'ராக்கெட் 88' பதிவானது. அந்தக் கரகரப்பை யாரும் திட்டமிடவில்லை. மலிவான சின்ன ஆம்புக்குள் அதன் கொள்ளளவுக்கு மேல் சத்தத்தைத் தள்ளினால், வால்வுகள் அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதிய மேல்சுரங்கள் முளைக்கும். நல்ல ஆம்ப் வாங்கக் காசில்லாதவர்கள், இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்கவேண்டும் என்று நினைத்ததன் விளைவு அது. தொனி என்று அவர்கள் எதையும் துரத்தவில்லை. கேட்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

கிளாப்டனை விடுவதற்கு முன் ஒன்று. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் அவர் குடியேறிகளுக்கு எதிராக, ஈனாக் பவலை ஆதரித்துப் பேசினார். பின்னாளில் வெட்கப்படுவதாகச் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்கு எதிர்வினையாகத்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. ஒரு மக்களின் தொனியைக் காதலித்துக்கொண்டே அந்த மக்களை வெளியே போகச் சொல்ல முடிகிறது. தொனியை உடம்பிலிருந்து பிரித்து எடுத்துவிடலாம் என்கிற நம்பிக்கை இல்லாமல் இது சாத்தியமா?

சந்தைக்கும் அதே நம்பிக்கைதான். 1995இல் ஃபெண்டர் 'ரெலிக்' என்ற வரிசையைக் கொண்டுவந்தது. புதுக் கித்தாரைச் சுரண்டி, வண்ணத்தை உரித்து, இரும்பைத் துருவேற்றி, நாற்பது வருஷம் மதுக்கடைகளில் வாசித்துத் தேய்ந்தது மாதிரி ஆக்கிக் கொடுப்பார்கள். அதற்குத் தனி விலை. உழைப்பின் தழும்பு உழைக்காமலே கிடைக்கிறது. இதை வாங்குகிறவர்களை நான் கேலி செய்யவில்லை. தேய்ந்த கழுத்து கைக்கு இதமாகத்தான் இருக்கும் என்கிறார் நண்பர்.

ஆனால் தழும்பைப் போற்றுகிற இதே உலகம் கைகளை எப்படி நினைவில் வைத்திருக்கிறது? கலிபோர்னியாவில் ஃபெண்டர் தொழிற்சாலையில் 1950களில் கழுத்துகளை இழைத்த தாதேயோ கோமஸ், தான் முடித்ததன் அடியில் பென்சிலால் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுவைத்தார். ஏட்டுச் சுவடியின் கடைசியில் பிரதிசெய்தவர் பெயர் இருக்குமே, அந்த மாதிரி. சேகரிப்பாளர்கள் கித்தாரைக் கழற்றி அந்த எழுத்துகளைத் தேடுகிறார்கள். 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்து பிக்கப் கட்டினார். கடைசிக் காலத்தில் அவர் கையெழுத்திட்ட பிக்கப்பே தனிச் சரக்கு. ஒரு தொழிலாளிக்குப் பெயர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பெயர் வந்த பாதை பிராண்டின் பாதை என்பதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கலமசூவில் அதுகூட இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே பெண்கள் ஆயிரக்கணக்கான மரக்கித்தார்களைச் செய்தார்கள். நிறுவனமோ போர்க்காலத்தில் கித்தாரே செய்யவில்லை என்று சொல்லிவந்தது. அந்தப் பெண்களைத் தேடிப்போய்ப் பேசி ஜான் தாமஸ் புத்தகம் எழுதியது 2012இல்.

நண்பரின் பசிக் கேள்விக்கு நான் இப்போது சொல்லக்கூடியது இதுதான். காதில் விழுவது மாயை இல்லை. கூடிக்குறைந்த சுற்றுகளும், கையில் அகப்பட்ட காந்தமும், கொள்ளளவு மீறிய வால்வும் உண்மையாகவே சத்தத்தில் இருக்கின்றன. வழிபாடு தொடங்குவது அந்த வியப்பில் அல்ல, வியப்பை மரத்தின் பெயருக்கும் வருஷத்தின் பெயருக்கும் எழுதிவைப்பதில். நான் கூட்டத்தில் பேசியது பாதிதான். சரக்கின் மாயையைக் கலைக்கிற அவசரத்தில் சத்தத்தையும் சேர்த்துக் கலைத்துவிட்டேன். சத்தம் போனால் அதைக் கட்டின கையும் போகும் என்று தோன்றவில்லை.

"அப்ப நான் 59 லெஸ் பால் வாங்கலாம்கிறீங்க" என்றார் அவர். அவருடைய ஆம்பின் ஸ்பீக்கர் ஓரத்தில் பசைத்தாள் ஒட்டியிருக்கிறது.

கிப்சன் 1984இல் கலமசூவை மூடிவிட்டு முழுவதும் டென்னசிக்குப் போய்விட்டது. போக மனமில்லாத சில தொழிலாளிகள் அடுத்த ஆண்டே அதே கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் கித்தார் செய்யத் தொடங்கினார்கள். 1958–60 கித்தார்களை வரிசை எண் வாரியாக, முன்னும் பின்னும் வண்ணப்படம் எடுத்துப் பெரிய பெரிய புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மஞ்சளுக்கும் வருணனை உண்டு, கைமாறிய உரிமையாளர்களின் பெயர் உண்டு. அந்த எண்ணுக்கு நேராகக் காயில் சுற்றியவர் என்று ஒரு பத்தி இல்லை.