நேரயனி வழி வளையத்திறப்பு: நிறையும் குறையும்

வளைய மோனோமர்களை நேரயனியால் திறந்து நீண்ட சங்கிலியாகக் கோக்கும் முறைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு டெட்ராஹைட்ரோபியூரான். நான்கு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் கொண்ட ஐந்தணு வளையம் இது. 1930-களில் ஜெர்மனியின் ஹான்ஸ் மீர்வைன் உருவாக்கிய ட்ரைஎத்தில் ஆக்சோனியம் உப்பைச் சிறிதளவு சேர்த்தால், எத்தில் தொகுதி ஒன்று வளைய ஆக்சிஜனில் ஏறிக்கொள்கிறது. மூன்று பிணைப்புகளோடு நேர்மின்சுமை தாங்கும் அந்த ஆக்சிஜனை ஒட்டிய கார்பனை இன்னொரு மூலக்கூறின் ஆக்சிஜன் தாக்க, வளையம் திறக்கிறது. சுமை புதிதாகச் சேர்ந்த வளையத்துக்கு மாறுகிறது.

இதற்கு உந்துவிசை வளைய இறுக்கம். ஐந்தணு வளையத்தில் அது சொற்பம் என்பதால் வினை முன்னும் பின்னும் நடக்கும்: அறை வெப்பநிலையில் ஏறக்குறைய கால் பங்கு மோனோமர் மாறாமல் எஞ்சுகிறது, 80 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சங்கிலி வளர்வதே நின்றுவிடுகிறது. ஆறணு வளையமான டெட்ராஹைட்ரோபைரான் பலபடியாவதே இல்லை.

அப்படியானால் இறுக்கம் மிகுந்த மூவணு எத்திலீன் ஆக்சைடு நன்றாக வசப்பட வேண்டுமே? வசப்படுவதில்லை. சங்கிலியிலுள்ள ஈதர் ஆக்சிஜன், மோனோமரின் ஆக்சிஜனைவிட வலிய காரம். ஆகவே சுமை தாங்கிய முனை மோனோமரைத் தேடாமல் தன் சங்கிலியையே பற்றி, 1,4-டையாக்சேன் வளையங்களாக உதிர்த்துவிடுகிறது. பாலிஎத்திலீன் கிளைக்காலை ஆலைகள் எதிரயனி வழியில் தயாரிப்பதில் வியப்பில்லை. டெட்ராஹைட்ரோபியூரானிலோ மோனோமரின் ஆக்சிஜனே முந்திக்கொள்கிறது. முறையின் தரம் மோனோமரைப் பொறுத்தது. பொதுவான தீர்ப்பு பொருந்தாது.

ஈரமும் பகைதான்: நீர் மூலக்கூறு முனையில் பாய்ந்து வளர்ச்சியை முடித்து, ஒரு புரோட்டானை வெளிவிடுகிறது. சங்கிலிகள் குட்டையாகின்றன. எனினும் ஸ்பான்டெக்ஸ் இழைக்கு வேண்டிய பாலிடெட்ராஹைட்ரோபியூரானின் மூலக்கூறு எடை 1000 முதல் 2000 வரைதான். அங்கே குட்டைச் சங்கிலியே தேவை.

சங்கிலியைத் தாக்கும் அதே இயல்பு ட்ரையாக்சேனில் பயன் தருகிறது. அதிலிருந்து கிடைக்கும் பாலிஅசிட்டால் சூடானால் முனையிலிருந்து ஃபார்மால்டிஹைடாகக் கழன்றுகொண்டே போகும். சிறிது எத்திலீன் ஆக்சைடு அல்லது டையாக்சோலேன் சேர்த்தால், அயனிகள் சங்கிலிகளை வெட்டி ஒட்டும்போது ஆக்சிஎத்திலீன் அலகுகள் எங்கும் பரவுகின்றன. அப்புறம் சூடேற்றினாலும், கழலும் முனை முதல் ஆக்சிஎத்திலீன் அலகோடு நின்றுவிடும். பல்சக்கரம் வார்க்கப் போதிய உறுதி மிஞ்சும்.