ஏரியல் அப்பாவின் மன்னிப்பு

2016இல் வெளிவந்த ஏரியல் விளம்பரப் படத்தை லண்டனில் வேலைக்குப் போகும் ரயிலில்தான் முதலில் பார்த்தேன். மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் அப்பா அவளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். அவள் தொலைபேசியில் அலுவலக விஷயம் பேசியபடியே பிள்ளையைப் பார்க்கிறாள், அடுப்பைப் பார்க்கிறாள், துணிகளை வாஷிங் மெஷினில் போடுகிறாள். கணவன் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறான். அப்பா மகளிடம் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கிறார்: வீட்டுவேலை உன்னுடையது மட்டுமல்ல என்று நான் உனக்குச் சொல்லவேயில்லை, நானும் உன் அம்மாவுக்கு உதவியதில்லை. ஊர் திரும்பியதும் தன் துணியைத் தானே துவைக்கப் போடுகிறார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னையிலிருக்கும் அக்காவுக்கு உடனே அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: “நல்லாருக்குடா. உங்க வீட்ல யார் துவைக்கிறா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் பலம் உண்மையானது. வில்லன் என்று யாருமில்லை. ஆண், பெண் வேலைப் பிரிவினை யாரும் சொல்லித்தராமல், பார்த்தே கற்றுக்கொள்ளப்படுகிறது என்பதை இரண்டு நிமிடங்களில் புரியவைக்கிறது. ஆனால் அக்காவின் கேள்வியோடு பார்த்தால் உறுத்துவது அந்தக் கணவன்தான். படம் அவனிடம் எதையும் கேட்பதில்லை. மாறுகிற ஆண் வயதானவர், வேறு ஊரில் இருப்பவர். அவர் அங்கே துவைப்பதால் மகள் வீட்டுக் கூடையில் ஒரு துணிகூடக் குறையாது.

வியாபாரக் கணக்குப்படி இது சரியே. பெரும்பாலான வீடுகளில் எந்தச் சலவைத் தூள் என்று முடிவு செய்வது அவள். அவள் மனம் குளிர வேண்டும். அவன் கோபித்துக்கொண்டு தொலைக்காட்சியை அணைத்துவிடக் கூடாது. 2019இல் இதே வரிசையில் வந்த படத்தில், மகளுக்குக் கற்றுத்தந்ததை மகனுக்குக் கற்றுத்தரவில்லையே என்று ஓர் அம்மா உணர்ந்து, மகனுக்குத் துவைக்கச் சொல்லித்தருகிறாள். அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கும் பெருமை கிடைத்தது. திருத்தும் வேலை அம்மாவுக்குப் போனது.

கேட்பரியின் கிரிக்கெட் விளம்பரம் எவ்வளவு எளிதாகத் தலைகீழானது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1990களின் படத்தில் அவன் சிக்ஸர் அடித்தான், அவள் மைதானத்துக்குள் ஓடி ஆடினாள். 2021இல் அவள் அடிக்கிறாள், அவன் ஆடுகிறான். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். மைதானத்தில் இடம் மாறுவதால் யாருடைய ஞாயிற்றுக்கிழமையும் பறிபோவதில்லை.

பிரிட்டனில் 2019 ஜூன் முதல், தீங்கு விளைவிக்கும் பால்சார் வார்ப்புகளை விளம்பரங்களில் காட்டக் கூடாது என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதன்கீழ் முதலில் தடைசெய்யப்பட்ட இரண்டில் ஒன்று பிலடெல்பியா பாலாடைக்கட்டி விளம்பரம். உணவகத்தில் தீனியில் மயங்கிய இரண்டு அப்பாக்கள், தட்டுகள் சுற்றிவரும் பட்டையில் குழந்தைகளைத் தவறவிடுகிறார்கள். வெறும் வேடிக்கைக்குத் தடையா என்று அலுவலகத்தில் சிரித்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. ‘ஆணுக்கு இதெல்லாம் வராது’ என்ற கேலி, ஆணுக்குக் கிடைக்கும் விடுப்புச் சீட்டு. முதுகலை படிக்க வந்த ஆண்டில் தெருமுனைச் சலவையகத்தில் எந்த இயந்திரம் காசை விழுங்கும், எந்தத் தூள் மலிவு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கல்யாணமான ஆறே மாதத்தில் அந்த அறிவு எங்கே போனது?

விளம்பரத்தைத் தடைசெய்யலாம். ஆனால் விளம்பரமாகவே தெரியாத ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்பொருள் அங்காடிக்காக வாடிக்கையாளர் தரவுகளைக் கையாளும் மென்பொருளில் வேலை செய்தேன். பாரபட்சம் வரக் கூடாதென்று ஆணா பெண்ணா என்ற தகவலையே எடுத்திருந்தோம். அதனால் எதுவும் மாறவில்லை. போன மாதம் டயப்பரும் சலவைத் தூளும் வாங்கிய லாயல்டி அட்டைக்கு இந்த மாதம் அவற்றுக்கான தள்ளுபடி போகும். தள்ளுபடி வந்தவரே மறுபடி கடைக்குப் போவார். மறுபடி வாங்கியதால் மறுபடி தள்ளுபடி. எங்கள் மென்பொருளுக்கு எந்த முன்முடிவும் கிடையாது. நேற்று வீட்டில் யார் சுமந்தாரோ, நாளையும் அவரே சுமக்கட்டும் என்று அது கணக்குப் போட்டது. அந்த ‘நேற்றை’ அதற்குத் தந்தது என் வீட்டைப் போன்ற வீடுகள்தான்.

ஆகவே ஒரு விளம்பரம் முற்போக்கானதா என்று விவாதிக்கும்போது, படத்தில் யார் துவைக்கிறார் என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அது யாரை மகிழ்விக்கிறது, யாரைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறது என்றும் கேட்க வேண்டும். ஏரியல் அப்பா என்னை அழவைத்தார், எழுந்திருக்க வைக்கவில்லை. அழுததையே ஒரு வேலை செய்ததாக எண்ணிக்கொண்டு அக்காவுக்கு அனுப்பினேன்.

அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இந்தக் கட்டுரைக்காக எங்கள் வீட்டுச் சலவைத் தூளின் பெயரை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது ஏரியல் இல்லை.