மக்கள் இயற்றிய சட்டமும் அதன் காவலரும்

ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்து மக்கள், தாமே கையொப்பம் திரட்டிக் கொணர்ந்த 276 ஆம் இலக்க முன்மொழிவை 1972 இல் தம் வாக்கினாலே சட்டமாக்கினர். அரச ஆவணங்களைப் பார்வையிடும் உரிமை அதனாற் கிட்டியது. ஆயின், இத்தகைய சட்டத்தை இரண்டாண்டு கழிந்தபின் சட்டசபை சாதாரண பெரும்பான்மையாலேயே திருத்தலாம் என்கின்றது அம்மாநில அரசியல் யாப்பு. கண்காணிக்கப்பட வேண்டியோரிடமே காவலும் ஒப்படைக்கப்பட்டுள்ளது!

1995 ஆம் ஆண்டுத் திருத்தமொன்றைக் காட்டி, தம் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அச்சட்டத்துள் அடங்கா எனச் சபையினர் வாதிட்டனர். அதனை எதிர்த்துச் செய்தி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. பின்னர், 2018 பெப்ரவரியில், சபை விவாதமின்றி இரண்டே நாளில் தமக்கு விலக்களிக்கும் சட்டமூலத்தை நிறைவேற்றினர். (ஏனைய விடயங்களில் முரண்படும் இரு கட்சியினரும் இதில் ஒன்றுபட்டனர்.) மக்கள் கொதித்தெழவே, ஆளுநர் ஜே இன்ஸ்லீ அதனை நிராகரித்தார்.

2019 டிசெம்பரில் மாநில உயர் நீதிமன்றம், உறுப்பினர் ஒவ்வொருவரின் அலுவலகமும் சட்டத்துக்கு முற்றாக உட்பட்டதே எனவும், இரு சபைகளும் அவ்வாறு உட்பட்டன அல்ல எனவும் தீர்ப்பளித்தது. சட்டச் சொற்களை நுணுகி நோக்கின் இப்பிரிப்புப் பொருந்தலாம். 1972 இல் வாக்களித்தோரின் நோக்கத்துக்கு இது பொருந்துமென நான் கருதவில்லை. தீர்ப்பின் பின்னரும் உறுப்பினர் சிலர் ‘சட்டவாக்கச் சிறப்புரிமை’ எனக் கூறி, வரிகளை மறைத்தே ஆவணங்களை வழங்கினர்.