கொத்தனாரின் கைத்திறனுக்குச் சான்று: யாருக்குப் பயன்?

கீரிப்பாறையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ரப்பர் மரங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வாழ்வு கொடுக்கவும் குமரி மாவட்ட அரசு ரப்பர் தோட்டங்கள் பயன்பட்டன. பால்வெட்டித்தான் பல குடும்பங்கள் பிள்ளைகளை வளர்த்தன. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் வருமானமும் குறைவு. அதனால் மலையடிவார ஊர்களின் இளைஞர்கள் கொத்து வேலைக்கும் கம்பி வேலைக்கும் இறங்கினார்கள். முதலில் நாகர்கோவில், பிறகு திருவனந்தபுரம், கைத்தொழில் படிந்ததும் வளைகுடா. குமரி மாவட்டத்தில் இந்தப் பாதையில் போகாத ஆள் இல்லாத தெரு அபூர்வம்.

இந்தப் பாதையில் இப்போது தேர்வுகள் வந்துவிட்டன. வேலை தெரியும் என்று மேஸ்திரி சொன்னால் போதும் என்ற காலம் முடிகிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே சோதனை மையத்தில் செய்து காட்டி, தேறி, சான்றோடு வரவேண்டும் என்று நாடுகள் ஒவ்வொன்றாகக் கேட்கின்றன. இந்த நடைமுறை தொழிலாளிக்கு நல்லதா கெட்டதா என்பதை நிதானமாக எடைபோட வேண்டிய நேரம் இது.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். சவூதி அரேபியா தன் திறன் சரிபார்ப்புத் திட்டத்தை 2022 டிசம்பரில் இந்தியாவில் தொடங்கியது. எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக், வாகன எலக்ட்ரீசியன் ஆகிய ஐந்து தொழில்களில் ஆரம்பித்து, பிறகு படிப்படியாகப் பட்டியல் நீண்டது. எழுத்துத் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று. இரண்டிலும் தேறினால்தான் அந்தத் தொழிலுக்கு விசா. சிங்கப்பூரில் இது பழைய வழக்கம். அங்கே கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள், கட்டடக் கட்டுமான ஆணையம் ஏற்ற சோதனை மையத்தில் திறன் சான்றைப் பெற்றாக வேண்டும். தமிழ்நாட்டிலேயே அத்தகைய மையங்கள் உண்டு. தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் "டெஸ்ட் அடித்துவிட்டுப் போவது" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இதன் நன்மைகள் உண்மையானவை. கொத்தனார் என்று பேசி அழைத்துப்போய், அங்கே இறங்கியதும் சாந்துச் சட்டி சுமக்க விட்டு ஹெல்ப்பர் சம்பளம் கொடுக்கும் ஏமாற்று எத்தனையோ ஆண்டுகளாக நடக்கிறது. ஊரிலேயே சோதித்து, இந்தத் தொழிலில் தேறியவர் என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஏமாற்றுக்கு இடம் குறைகிறது. பாதுகாப்பும் கூடுகிறது. சாரத்தில் ஏறத் தெரியாதவரும் மின்கம்பியைப் பிரிக்கத் தெரியாதவரும் தவறு செய்தால், பக்கத்தில் நிற்பவரின் உயிரும் போகும். மூன்றாவது நன்மையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சான்று கையில் இல்லாத ஒருவர், தன் கையால் கற்றதற்கு முதன்முறையாக ஓர் எழுத்துச் சாட்சி பெறுகிறார். கொத்தும் ஆசாரி வேலையும் சாதியோடும் குடும்பத்தோடும் ஒட்டிக் கிடந்த சமூகத்தில், யார் மகன் என்று கேட்காமல் சுவர் நேராக இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் தேர்வு சிறிய விஷயம் அல்ல.

ஆனால் அந்தச் சுவரையே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கட்டு வேலைத் தேர்வு என்றால் பொதுவாக ஒரு மூலைச் சுவர் எழுப்பச் சொல்வார்கள். செங்கலோ சிமென்ட் பிளாக்கோ கொடுப்பார்கள், நேரம் குறித்திருக்கும். கட்டி முடித்ததும் தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்து பார்ப்பார்கள், ரசமட்டம் வைத்து மட்டம் பார்ப்பார்கள், மூலைமட்டம் வைத்துத் தொண்ணூறு பாகை பார்ப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து பத்து மில்லிமீட்டர் அளவில் ஓடுகிறதா, மேல்வரியின் இணைப்பு கீழ்வரியின் இணைப்பின் மேல் விழாமல் மாறி வருகிறதா என்று எண்ணுவார்கள். எல்லாம் அளக்கக்கூடியவை. அதனால் நியாயமானவை.

அளக்க முடியாதவை அந்த மூலைக்கு வெளியே நிற்கின்றன. இருபது ஆண்டு வேலை செய்த குமரிக் கொத்தனார் கருங்கல்லைப் புரட்டிப் பார்த்து அதன் முகம் எது என்று சொல்வார். மலைச்சரிவில் வானம் தோண்டும்போது மண்ணைக் கையில் பிசைந்து, இன்னும் ஒரு முழம் இறங்க வேண்டும் என்பார். நாலு கையாட்களை வைத்து ஒரு நாள் வேலையை வீணில்லாமல் நடத்துவார். இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் இல்லை. ஒரு மாதம் பயிற்சி மையத்தில் அதே மூலைச் சுவரைத் திரும்பத் திரும்பக் கட்டிப் பழகிய பையன் தேறிவிடுவான். அனுபவசாலி கணினித் திரையில் வரும் கேள்வியை வாசிக்க முடியாமல் தோற்கக்கூடும். எழுத்துத் தேர்வு, வேலைத் திறனோடு சேர்த்து வாசிப்பையும் சோதித்துவிடுகிறது.

தேறியவர் எல்லாம் வேலை தெரிந்தவரும் அல்லர். இஸ்ரேலுடன் 2023இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கம்பி வளைத்தல், பலகை அடித்தல், பூச்சு, டைல்ஸ் ஆகிய வேலைகளுக்கு ஆள் எடுக்க 2024 தொடக்கத்தில் அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் பெரிய அளவில் தேர்வுகள் நடந்தன. தேறிச் சென்றவர்களில் பலர் வேலைத்தளத்தில் திணறியதும், வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்டதும் அதே ஆண்டில் செய்திகளாக வந்தன. அவசரத்தில் நடத்தும் தேர்வு முதலாளியையும் ஏமாற்றும், தொழிலாளியையும் தெருவில் நிறுத்தும்.

அடுத்தது பணம். சான்றுக்கான செலவை யார் ஏற்கிறார், அதனால் வரும் லாபம் யாருக்குப் போகிறது என்பதே இந்த நடைமுறையை எடைபோட சரியான அளவுகோல். சிங்கப்பூரில் வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதந்தோறும் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல், உயர்திறன் தொழிலாளி என்றால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அடிப்படைத் திறன் என்றால் 900 வெள்ளி. தொழிலாளி உயர்திறனுக்கு ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். இரண்டு ஆண்டில் 9,600 வெள்ளி. இந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அந்தத் தொழிலாளி இங்கே முதல் சோதனைக்காகப் பயிற்சி மையத்துக்கும் முகவருக்கும் கொடுப்பது வீட்டு நகை, நிலப்பத்திரம், வட்டிக்கடன். முகவர் சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அந்த வரம்போடு காரியம் முடிந்தது என்று சொல்பவரைக் கிராமங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சான்று வாங்குவதற்கு ஆன கடனை அடைக்கவே முதல் ஆண்டுச் சம்பளம் போகுமானால், அந்தச் சான்றை உயர்வு என்று எப்படிச் சொல்வது?

குமரி மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது நம்முடைய பெருமையிலிருந்தே பிறந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் இந்த மாவட்டம்தான். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, பத்தாம் வகுப்பு தேறாதவர்களே குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அது வேண்டாம். அனுமதி தேவைப்படுபவரின் ஒப்பந்தத்தை அரசு அலுவலர் பார்க்கிறார். பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் அவருக்குக் கட்டாயம். நம் பிள்ளைகள் பள்ளி முடித்தவர்கள் என்பதாலேயே இந்த வேலிக்கு வெளியே போய்விடுகிறார்கள். கொத்தனார் சான்று கையில் வைத்திருப்பவர் "லேபர்" என்று எழுதிய விசாவில் ஏறினாலும் தடுத்துக் கேட்பார் இல்லை. அங்கே சம்பளத் தகராறு வந்தால், பேச்சுக்கு நிற்பது விசாவில் உள்ள தொழிலும் ஒப்பந்தத் தாளும்தான். பெட்டியில் இருக்கும் சான்று அன்றைக்கு உதவாது.

உரிமம் என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நியூசிலாந்தைப் பார்க்கலாம். 1990களில் அங்கே கட்டிய ஏராளமான வீடுகளில் மழைநீர் சுவருக்குள் இறங்கி மரச்சட்டங்கள் அழுகின. அந்த நெருக்கடிக்குப் பின் 2004ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் வந்தது. 2012 மார்ச் முதல், வீட்டின் உறுதியையும் நீர்க்காப்பையும் தொடும் வேலைகளை உரிமம் பெற்றவரே செய்யவோ மேற்பார்வை பார்க்கவோ வேண்டும். தச்சு, செங்கல் கட்டு, கூரை, வெளிப்பூச்சு, அடித்தளம் என்று தொழில்வாரியாக உரிமம் உண்டு. வேலை முடிந்ததும் உரிமதாரர் தான் செய்த வேலைக்கு எழுத்தில் பொறுப்பேற்கிறார். தவறினால் அவர் மேல் புகார் கொடுக்கலாம், உரிமமும் பறிபோகும். அதாவது அங்கே உரிமத்தோடு அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்து வருகின்றன. உரிமதாரர் எந்த முதலாளியிடம் போனாலும் அந்த உரிமம் அவர் பெயரிலேயே இருக்கும். நம் ஆட்கள் எழுதும் தேர்வுகள் தருவது நுழைவு அனுமதி மட்டுமே.

அத்தகைய உரிமத்துக்கான கதவும் எல்லோருக்கும் திறப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ தொழில் மதிப்பீட்டுக்கு வேலை அனுபவத்தின் எழுத்து ஆதாரம், ஆங்கிலம், கட்டணம் எல்லாம் வேண்டும். தினக்கூலியாக, வாய்ச்சொல்லில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர் எந்தத் தாளைக் காட்டுவார்? இங்கேதான் நம் அரசின் குறை தெரிகிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலேயே அமைந்தது. அதன் அடையாள அட்டை ஓய்வூதியத்துக்கும் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் பயன்படுகிறது. கைத்திறனுக்குச் சாட்சி சொல்வதில்லை. ஒன்றிய அரசின் திறன் திட்டத்தில், ஏற்கெனவே கற்ற தொழிலை அங்கீகரிக்கும் சான்று உண்டு. அதை வைத்திருப்பவரும் சவூதிக்குப் போக மறுபடி வேறு தேர்வு எழுதுகிறார். ஊர் திரும்பிய பின், வெளிநாட்டில் பெற்ற சான்றுக்கு இங்கே கூலி கூடுவதும் இல்லை.

ஆகவே என் முடிவு இது: தொழில் சான்று வேண்டும்; இன்றைய வடிவில் அது பாதி நீதிதான். வேலை தெரிந்தவரைப் பிரித்துக் காட்டுவதில் அது வெல்கிறது. அப்படிப் பிரித்துக் காட்டியதன் பலனை அவர் கையில் சேர்ப்பதில் தோற்கிறது. செய்முறைத் தேர்வை ஒழிக்க வேண்டாம், அது கடினமாகவே இருக்கட்டும். எழுத்துத் தேர்வைத் தமிழில் நடத்தட்டும். வாசிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்கட்டும். சான்றில் உள்ள தொழில்தான் விசாவிலும் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும் என்பதை, குடிபெயர்வு அனுமதி தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும் சரிபார்க்க வேண்டும். தேர்வுக் கட்டணம் ஆளை எடுக்கும் நிறுவனத்தின் கணக்கில் போகட்டும்.

தமிழ்நாட்டு அரசிடம் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. நாகர்கோவில் கோணத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நல வாரியத்தின் கையில் கட்டடச் செலவிலிருந்து வசூலாகும் நிதியும் இருக்கிறது. இம்மூன்றையும் சேர்த்துக் குமரி மாவட்டத்திலேயே ஒரு சோதனை மையம் அமைத்தால், கீரிப்பாறைக்காரர் சென்னைக்கும் மும்பைக்கும் ரயில் ஏற வேண்டாம், முகவர் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். நல வாரிய அட்டையிலேயே ஆண்டுதோறும் எங்கே, என்ன வேலை செய்தார் என்று பதியத் தொடங்கினால், நாளைக்கு எந்த நாடு ஆதாரம் கேட்டாலும் காட்ட ஒரு தாள் இருக்கும்.

அதுவரை, கிளம்பத் தயாராகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பணம் கட்டும் முன் விசாவில் எழுதியிருக்கும் தொழிலைப் படியுங்கள். உங்கள் சான்றில் உள்ள தொழிலும் அதுவும் ஒன்றாக இல்லையென்றால், கையெழுத்துப் போடாதீர்கள்.