காஞ்சிப் பட்டின் நிறத்தைத் தாளில் அச்சிடுதல்: ஒரு மதிப்பீடு

வரைகலை வடிவமைப்பு படிக்கும் மாணவருக்கு நிறத்தைக் கற்றுத்தரக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், நிஃப்ட் போன்ற கல்லூரிகளில் ஒரு கைவினையை நேரில் பார்த்து ஆவணப்படுத்துவது படிப்பின் பகுதியாகவே இருக்கிறது. அப்படி வருகிறவர்கள் அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வாடாமல்லி, கிளிப்பச்சை என்று தறிகளில் கண்ட நிறங்களைத் தாளுக்குக் கொண்டுபோக முயல்கிறார்கள். ஸ்கிரீன் பிரின்டிங், ரிசோகிராஃப், டிஜிட்டல் அச்சு என்று வழிகள் பல. சுவரொட்டி, நிற அட்டை, சிறு புத்தகம் என்று விளைவுகளும் பல. இந்தப் பயிற்சியில் உண்மையான கல்வி இருக்கிறது. திருத்திக்கொள்ள வேண்டிய குறைகளும் இருக்கின்றன. நெசவு நிறத்தை எப்படி உண்டாக்குகிறது என்று கேட்டு, அதே முறையை அச்சில் சோதிக்கும் முயற்சிகள் வெல்கின்றன. சேலையை ஒளிப்படம் எடுத்து, படத்திலிருந்து நிறத்தை மட்டும் உருவி எடுப்பவை தோற்கின்றன.

முதலில் வெற்றியைப் பார்ப்போம். காஞ்சிபுரத்தின் பெருமை கோர்வை. உடலுக்குச் சிவப்பு, கரைக்குப் பச்சை என்று வெவ்வேறு நிறங்கள் என்றால், இரு கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடை கரைக்குள் நுழைவதில்லை. கரையின் ஊடை உடலுக்குள் வருவதில்லை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு திரும்புகின்றன. கரையில் பாவும் ஊடையும் ஒரே நிறமாக இருப்பதால் அந்தப் பச்சை கலப்பற்ற பச்சையாக நிற்கிறது. ஒரே நாடாவில் நெய்யும் சேலையில் உடலின் சிவப்பு ஊடை கரையின் பச்சைப் பாவுக்குள்ளும் ஓடும். அங்கே பச்சை சற்று மங்கி, மூன்றாவது நிறம் ஒன்று பிறக்கும்.

அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. ஒரு மையின் மேல் இன்னொரு மையை ஏற்றினால் ஓவர்பிரிண்ட். அடியிலுள்ள மையில் இடைவெளி விட்டு அதில் மற்றதை அச்சிட்டால் நாக்அவுட். ஒரே நாடாச் சேலையின் கரை ஓவர்பிரிண்ட், கோர்வைச் சேலையின் கரை நாக்அவுட். நாக்அவுட்டில் இரண்டு மைகளும் துல்லியமாகச் சந்திக்க வேண்டும். ரிஜிஸ்டர் இம்மி விலகினாலும் நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். அதை மறைக்க அச்சுக்காரர் இரு நிறங்களையும் மெல்லிய அளவில் ஒன்றின்மேல் ஒன்று படிய விடுகிறார். கோர்வையில் இரண்டு ஊடைகள் பிணையும் கோடும் அதே சிக்கலுக்கான தீர்வுதான். இந்த உறவைக் கண்டுகொண்ட மாணவர் ஒரே உருவத்தை இரண்டு விதமாகவும் அச்சிட்டுப் பார்த்தால், ஒரு பருவப் பாடம் சொல்லித்தராததை அந்த இரண்டு தாள்கள் சொல்லித்தரும். காஞ்சிபுரம் தரும் மிகப் பெரிய கல்வி இதுவே.

நெசவுக்கும் வண்ண அச்சுக்கும் இடையிலான உறவு வரலாற்றிலும் உண்டு. பிராங்க்பர்ட்டில் பிறந்த யாகோப் கிறிஸ்டோஃப் லெ ப்ளோன் (1667-1741) சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு மற்ற நிறங்களை வரவழைத்தவர். இன்றைய நான்கு வண்ண அச்சுக்கு அவரே முன்னோடி. அதே கொள்கையைச் சித்திரத் திரைச்சீலை நெசவிலும் செயல்படுத்த முனைந்து, 1727இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். மிஷேல் யூஜீன் செவ்ரல், பாரீசின் கோப்லேன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர். கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்த அவர், சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடும் நீலமும் ஊதாவுமே கறுப்பை வலுவிழக்கச் செய்கின்றன என்று கண்டார். பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் விதி பற்றிய அவருடைய நூல் 1839இல் வெளிவந்தது. ஓவியர்களும் அச்சுக்காரர்களும் அதிலிருந்து கற்றார்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைக்கும் காஞ்சி நெசவாளர் இந்த விதியைக் கையால் அறிந்தவர். பச்சையின் அருகில் அரக்கு இன்னும் சிவக்கிறது. அரக்கின் அருகில் பச்சை இன்னும் தழைக்கிறது.

இங்கேதான் மாணவர் பணிகளின் முதல் குறை தலைகாட்டுகிறது. பட்டு நிறங்களைச் சம அளவுக் கட்டங்களாக அடுக்கிய நிற அட்டையே பல திட்டப் பணிகளின் இறுதி விளைவாக இருக்கிறது. சேலையில் நிறங்கள் சம அளவில் வருவதில்லை. சேலை நீளத்தின் பெரும்பகுதிக்கு உடல் ஓடுகிறது. கரை அதன் ஓரத்தில் நிற்கிறது. முந்தானை முடிவில் மட்டும் வருகிறது. பெட்னி முறையில் முந்தானைக்கு வேறு நிறப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்கும்போது, இரண்டும் சேரும் சிறு பட்டையில் மட்டும் இரு நிறங்களும் ஒன்றாகத் தெரிகின்றன. விகிதத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்தால் எஞ்சுவது வெறும் பட்டியல். செவ்ரலின் விதி அந்த அட்டையில் வேலை செய்வதே இல்லை.

இரண்டாவது குறை, ஒளிப்படத்தை நம்புவது. பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோண வடிவம். ஒளியைத் திருப்பி அனுப்பும் அதன் தன்மைக்கு அதுவும் ஒரு காரணம். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடும் மயில்கழுத்துச் சேலையை மடிக்கும்போது ஒரு நிறம், விரிக்கும்போது வேறு நிறம். ஒளிப்படம் அதில் ஒரு கணத்தை மட்டும் பிடிக்கிறது. கடையின் குழல்விளக்கில் எடுத்த படமும் வாசல் வெயிலில் எடுத்த படமும் ஒரே சேலைக்கு இருவேறு நிறங்களைத் தருகின்றன. அந்தப் படத்திலிருந்து கணினியில் தொட்டெடுத்த ஒற்றை நிறத்தை நான்கு வண்ண மைக்கு மாற்றும்போது இன்னொரு இழப்பும் நேர்கிறது. பளிச்சென்ற ராணி நிறமும் கிளிப்பச்சையும் அந்த நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை. தாளில் அவை வாடித்தான் வரும்.

ரிசோகிராஃப் இந்த இடத்தில் ஓரளவு கைகொடுக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை, தனி மை என்பதால், ஃப்ளோரசென்ட் பிங்க் போன்ற மையைக் கொண்டு ராணி நிறத்தை நெருங்கலாம். மை ஓரளவு ஒளி புகக்கூடியது. ஒன்றின்மேல் ஒன்று படியும்போது பாவும் ஊடையும் கலப்பதைப் போன்ற மூன்றாம் நிறம் வரும். ஆனால் வழவழப்பில்லாத தாளில் ரிசோ மை தரும் மங்கலான பரப்பு பட்டின் மினுமினுப்புக்கு நேர் எதிரானது. மஞ்சளும் பழுப்பும் கலந்து சரிகையைக் காட்டும் பணிகளும் இதே காரணத்தால் தோற்கின்றன. உலோகத்தின் ஒளியை நிழல் வேலையால் ஈடுசெய்ய முடியாது. ஸ்கிரீனில் தங்க மையைத் தனியாக ஏற்றுவதே நேர்மையான வழி. மயில்கழுத்துக்கும் தாளில் ஒரு வழி உண்டு: தாளை விசிறியாக மடித்து, ஒரு சரிவில் நீலமும் மறு சரிவில் பச்சையும் வரும்படி அச்சிட்டால், பார்ப்பவர் நகரும்போது நிறம் மாறும். இப்படிப் பட்டின் இயல்பைத் தாளின் இயல்பால் சந்திக்கும் சோதனைகளுக்கே ஆசிரியர்கள் அதிக மதிப்பெண் தர வேண்டும்.

மூன்றாவது குறை தொழில்நுட்பம் சார்ந்ததன்று, அறம் சார்ந்தது. யாளி, இருதலைப் பட்சி, ருத்ராட்சம், மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு ஆகியவற்றைத் துல்லியமான கணினிக் கோப்புகளாக வரைந்து பொதுவெளியில் வைப்பதை ஆவணப்படுத்தல் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். அந்தக் கோப்பு டிஜிட்டல் முறையில் துணியில் அச்சடிக்கும் ஆலைக்குப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இடம்பெறுவதில்லை. பட்டுச் சேலை போன்றவற்றைக் கைத்தறிக்கென்று ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், காஞ்சிக் கரையை அப்படியே அச்சடித்த மலிவுச் சேலைகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. தறியில் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்தவரின் சந்தையை அவை அரிக்கின்றன. இந்த அரிப்புக்கு மாணவர் தம்மை அறியாமல் கருவி தரக் கூடாது.

இதோடு சேர்ந்தது பெயர்ச் சிக்கல். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் உலகமறிந்த எம்.எஸ். நீலத்தைக் காஞ்சிபுரத்தில் உருவாக்கித் தந்தவர் முத்துச் செட்டியார் என்பதை எத்தனை வண்ண அட்டைகள் குறிப்பிடுகின்றன? கொதிக்கும் சாயத் தொட்டியில் கழியால் பட்டைப் புரட்டி, நனைந்த நூலைப் பார்த்தே காய்ந்த நிறத்தைச் சொல்லும் சாயக்காரரின் பெயர் மாணவரின் சுவரொட்டியில் வருவதில்லை. கல்லூரியின் பெயர் வருகிறது. மாற்று வழி சென்னையிலேயே இருக்கிறது. 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் கையால் ஸ்கிரீன் பிரின்ட் செய்து வெளியிடும் நூல்களில், 2006இல் வந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கறுப்புக் கைத்தாளில் நிறம் நிறமாக ஏற்றி அச்சிடப்பட்டது. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு கலைஞர்களே அந்நூலின் ஆசிரியர்களாக நிற்கிறார்கள். கலைஞருக்கு ஆசிரியர் இடம் தந்ததால் நூலின் மதிப்பு சற்றும் குறையவில்லை. உலகெங்கும் வாசகர்களிடம் அது போய்ச் சேர்ந்தது.

குறைகள் இருப்பதால் இந்தப் பயிற்சியையே கைவிடுவது பெரும் இழப்பு. திரையில் மட்டுமே நிறத்தைப் பழகும் தலைமுறைக்கு, நிறம் ஒரு பொருள் என்று காட்டுவது சாயத் தொட்டியும் மைத் தட்டும்தான். திருத்தம் கடினமானதும் அன்று. மாணவர் கேமராவை எடுப்பதற்கு முன் தறிக்கு அருகே உட்கார்ந்து பாவையும் ஊடையையும் எண்ணிப் பழகட்டும். மூன்று மைகளுக்கு மேல் தொடக்கூடாது என்று ஆசிரியர் கட்டுப்படுத்தட்டும். மூன்று நாடாவில் காஞ்சி செய்வதை மூன்று ஸ்கிரீனில் செய்ய முயலட்டும். அச்சிட்ட தாளைப் பகல் வெளிச்சத்தில் சேலையின் பக்கத்தில் வைத்து, நெய்தவரின் வாயால் தீர்ப்புக் கேட்கட்டும். நெய்தவர், சாயமிட்டவர் பெயர்கள் அவர்கள் சம்மதத்தோடு முதல் பக்கத்தில் இடம்பெறட்டும். முடிந்த பணியின் ஒரு படி அந்தச் சாயப்பட்டறைக்கும், ஒரு படி ஊரிலுள்ள நெசவாளர் சேவை மையத்துக்கும் போய்ச் சேரட்டும். காஞ்சிபுரத்திலிருந்து நிறத்தை எடுத்துச் செல்லும் கல்லூரிகள் இவை அனைத்தையும் மதிப்பெண்ணுக்குரிய நிபந்தனைகளாக்க வேண்டும். அதுவரை இந்தப் பயிற்சி பாதிக் கல்விதான்.